மூன்று சாணும் இரண்டு விரற்கடையும்

அமெரிக்க நாட்டின் கிழக்குக் கடற்கரையில் மீன் பிடிக்க வருகிறவர்கள் ஒரு கையில் தூண்டிற்கோலும் மறு கையில் அளவுகோலும் கொண்டு வருகிறார்கள். அளவுகோல் என்றால் பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோல் அன்று. மீனைக் கிடத்தி அளப்பதற்கென்றே செய்த நீண்ட பலகை. தலைப்பக்கம் ஒரு தடுப்பும் நெடுகிலும் அங்குலக் கோடுகளும் உடையது. அலையோடு நெடுநேரம் மல்லாடிக் கரைசேர்த்த மீனை அதன்மேல் படுக்க வைத்து, குனிந்து கோட்டைப் பார்க்கிறார்கள். பிறகு பெரும்பாலும் அந்த மீனை இரு கைகளிலும் ஏந்தி முழங்கால் நீரில் இறங்கி, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் தண்ணீரில் பிடித்து, அதற்கு மூச்சு திரும்பும்வரை முன்னும் பின்னும் அசைத்துக் கொடுத்து விட்டுவிடுகிறார்கள். முதன்முதலாக ஒருவர் இவ்வாறு செய்வதைக் கண்டபோது, அவருக்கு வீட்டில் ஏதோ மனவருத்தம் என்றே நினைத்துக்கொண்டேன். காவிரியில் ஜேடர்பாளையம் தடுப்பணையின் ஓரத்தில் பரிசலிலிருந்து இறக்கிய மீன் அரைமணி நேரத்தில் எண்ணெயில் பொரிவதைக் கண்டு வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

என்னைப் பற்றிச் சில சொற்கள். பரமத்தி வேலூருக்கும் ஜேடர்பாளையத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. பதினெட்டாம் வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் துளைக்கம்பி தூக்கும் ஆளாகச் சேர்ந்து, பின்னர் அவ்வண்டியையே இயக்கும் டிரில்லராக உயர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் பூமியைத் துளையிட்டுத் தண்ணீர் தேடினேன். வாழப்பாடி முதல் விந்திய மலைக்கு அப்பால்வரை என் வண்டி நிற்காத காடில்லை. வண்டி போன ஊர்களில் நூலகம் இருந்தால் அங்கே போய் உட்காருவது என் வழக்கம். எனக்குத் தெரிந்த எழுத்து அங்கே சேர்த்ததுதான். மூன்றாண்டுகளுக்கு முன் என் மனைவி காலமானாள். ஒரே மகளான கலைச்செல்வி, தன் கணவர் சிவக்குமாரோடு வாழும் இந்தக் கரையோரச் சிற்றூருக்கு என்னை அழைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எடப்பாடிக்காரர்; விசைத்தறி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து பொறியியல் படித்தவர். இருவரும் தாமே விரும்பி மணந்தவர்கள். அத்திருமணத்துக்கு நான் அரைமனதாகவே இசைந்தேன் என்பதை அவர் அறிவார். அவர் அறிவார் என்பதை நானும் அறிவேன். ஆகையால் எங்களுக்குள் மரியாதைக்குக் குறைவில்லை, பேச்சுத்தான் குறைவு.

வந்த முதல் ஆண்டு நான் சன்னலோரத்திலேயே இருந்தேன். நடந்து போக ஒரு கடையில்லை. நின்று பேச ஒரு முகமில்லை. இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கடற்கரைக்கு நடந்துபோனபோதுதான் டோனி என்ற முதியவரைக் கண்டேன். அவர் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை மணலில் ஊன்ற முயன்றுகொண்டிருந்தார். தூண்டிற்கோலைச் செருகி நிறுத்துவதற்கான தாங்கி அது. அவர் குத்தக் குத்த ஈரமணல் இறுகியதே தவிரக் குழாய் இறங்கவில்லை. என்னால் பொறுக்க முடியவில்லை. கையால் அனுமதி கேட்டு வாங்கி, குழாயை அரைவட்டமாக இப்படியும் அப்படியும் திருப்பி, அலை வந்து மணலை இளக்கும் நேரம் பார்த்து அழுத்தினேன். ஆழ்துளைக்குள் கேசிங் குழாய் இறக்குகிறவனுக்கு இது ஒரு வேலையா? முழங்கை ஆழம் இறங்கி அசையாமல் நின்றது. டோனி அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுவதும் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்தியவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். நான் நிலத்துக்குள் இறக்கினேன். அவர் சுவருக்குள் செலுத்தினார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி குழாய்தான்.

அவர் எனக்குக் கடலைப் படிக்கக் கற்பித்தார். வெள்ளையாக அலை உடையுமிடத்தில் அடியில் மணல்மேடு. உடையாமல் கருத்து வருமிடத்தில் பள்ளம். அந்தப் பள்ளமே மீன்களின் வழித்தடம். வடமேற்குக் காற்று குளிர்ந்து வீசத் தொடங்கியதும் சிறுமீன் கூட்டங்கள் கரையை ஒட்டித் தெற்கே போகும்; அவற்றைத் துரத்திக்கொண்டு ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற வரிமீன் வரும். கிளிஞ்சலின் சதையைத் தூண்டிலில் கோத்து, எடைக்குக் கூம்பு ஈயத்தைக் கட்டி, பள்ளத்தில் விழுமாறு வீசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறர் கோலின் நுனியைப் பார்த்திருப்பார்கள். நான் தூண்டில் நரம்பின்மேல் ஆட்காட்டி விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். ரிக் இயக்குகிறவன் துளைக்குள் எதையும் பார்ப்பதில்லை; நெம்புகோலைப் பிடித்த உள்ளங்கையில் வரும் அதிர்வைக் கொண்டே இப்போது களிமண், இப்போது சுண்ணாம்புக்கல், இப்போது பாறையில் வெடிப்பு என்று சொல்லுவான். நரம்பின் வழியே மணலில் ஈயம் நகர்வதும், நண்டு இரையைக் கிள்ளுவதும், மீன் வாயில் வாங்கி யோசிப்பதும் எனக்கு வேறு வேறாகத் தெரிந்தன. தெரிந்த அன்று, இந்நாட்டுக்கு வந்தபின் முதல்முறையாக எனக்குப் பசித்தது.

விதி ஒன்றையும் டோனி சொல்லிக் கொடுத்தார். அந்த ஆண்டு விதிப்படி, வரிமீன் இருபத்தெட்டு அங்குலத்துக்குக் குறைந்தாலும் முப்பத்தொன்றை எட்டினாலும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நடுவே அமைந்த ஒன்றே ஒன்று ஒரு நாளைக்கு ஒருவருக்கு. நான் அதை மனத்தில் சாணாக மாற்றிக்கொண்டேன். என் சாண் ஒன்பது அங்குலம். வண்டியில் டேப் தொலைந்த நாள்களில் என் கையால் அளந்தே குழாய் வெட்டியிருக்கிறார்கள். மூன்று சாணும் இரண்டு விரற்கடையும் இருந்தால் மீன் விதிக்குள் அடங்கும்.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மீன் வரத் தொடங்கிய வாரங்கள் நமக்குப் புரட்டாசியாக அமைந்தன. என் மனைவி இருந்தவரை புரட்டாசிச் சனிக்கிழமை தோறும் நைனாமலைப் பெருமாளைக் காணப் படியேறியவள். அம்மாதத்தில் எங்கள் அடுப்பில் கறியோ மீனோ ஏறியதில்லை. அவள் போனபின் அந்த வழக்கத்தை நான் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன். எனவே விதிக்கு உட்பட்ட நல்ல மீன் சிக்கினாலும் நீரில் விட்டுவந்தேன். டோனி இதைக் கண்டு வியந்து, கடல்வளம் காப்பதில் என்னைப்போல் ஒரு கொள்கைக்காரர் இந்தக் கரையில் இல்லை என்று இரை விற்கும் கடையில் சொல்லி வைத்துவிட்டார். முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பொறுக்கமாட்டாமல் மகளைத் தொலைபேசியில் அழைத்து, உண்மையை டோனிக்கு விளக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம் வீட்டு விரத நாள்களில் இறைச்சியை விலக்கி மீனைத்தான் தேடி உண்பார்கள் என்றும், கடவுளுக்காக மீனை விலக்குகிறவர்களைத் தாம் இப்போதுதான் கேள்விப்படுவதாகவும் சொன்னாராம். இருந்தும் கடையில் சொன்னதை அவர் மாற்றிச் சொல்லவில்லை.

புரட்டாசி முடிய இரண்டு நாள் இருந்த வியாழக்கிழமை காலை. டோனி முழங்கால் மருத்துவத்துக்குப் போயிருந்தார். நான் தனியே நின்றேன். வானம் தகரம்போல் இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் பறவைகள் விழுந்து எழுந்தன. விரலில் ஓர் அழுத்தம் வந்தது. இந்த மீன் யோசிக்கவில்லை, இழுத்துக்கொண்டு போயிற்று. கோல் வில்லாக வளைந்தது. அலை வரும்போது சுற்றி, அலை போகும்போது விட்டு, கடைசியில் ஒரு பெரிய அலையின் முதுகிலேயே அதை மணலுக்கு ஏற்றினேன். பக்கவாட்டில் கருங்கோடுகள்; முதுகு ஈரக் கரும்பாறை நிறம். அளவுப் பலகை டோனியிடம் இருந்தது. நான் மண்டியிட்டு, மூக்கிலிருந்து வால்நுனிவரை சாண் போட்டேன். மூன்று சாண். அப்புறம் இரண்டு விரல். மறுமுறையும் போட்டேன், அதே அளவு. சனிக்கிழமை ஐப்பசி பிறக்கிறது. இரண்டு நாள் பனிக்கட்டியில் வைத்திருந்தால் மாதப்பிறப்பன்று மகளுக்குத் தேங்காய் அரைத்து மீன்குழம்பு வைத்துத் தரலாம். இந்நாட்டில் என் கையால் அந்த வீட்டுக்கு நான் கொண்டுபோகும் முதற்பொருள் அது. குடலை நீக்கிக் கழுவி, தலையும் வாலும் முழுதாக இருக்க, ஐஸ் பெட்டியில் கிடத்தி உருட்டிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்த மாப்பிள்ளை அதைக் கண்டு உண்மையாகவே மகிழ்ந்தார். எடப்பாடிக்குப் படம் அனுப்ப வேண்டும், நீளத்தையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று கார் கொட்டகையிலிருந்து டேப் எடுத்து வந்தார். எதையும் இருமுறை அளப்பது அவர் குணம். இரண்டாம் முறை அளந்து முடித்தவர் நிமிரவில்லை.

“மாமா, மூணு சாண் ரெண்டு விரல்னு சொன்னீங்களேங்க?”

“ஆமாங்க மாப்ளை.”

“டேப்பு இருவத்தி நாலரைதாங்க காட்டுது.”

கலைச்செல்வி கைப்பேசியில் விதியைத் தேடிப் படித்தாள். இருபத்தெட்டு என்று எண் தெளிவாக இருந்தது. அதன் கீழே இருந்ததை அவளும் படிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மூன்றரை அங்குலம் குறைவு. ஒரு நூல், இரு நூல் என்றால் கண் பிசகு எனலாம். மூன்றரை அங்குலம் என்றால் என் கை சுருங்கிவிட்டது என்பதே பொருள். நெம்புகோலைப் பிடித்துப் பிடித்து விரல்மூட்டுகள் வளைந்திருப்பதை நான் அறிவேன். அந்த நாடாவின்மேல் என் கையை விரித்து வைத்திருந்தால் உண்மை அந்த நொடியே தெரிந்திருக்கும். எனக்குத் துணிவு வரவில்லை. கையைக் கம்பளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். அடுத்த வியாழக்கிழமை எனக்கு நேர்காணல் இருந்தது. இந்நாட்டில் நிலையாக வாழ அனுமதிக்கும் பச்சை அட்டைக்கான நேர்காணல். விண்ணப்பத்தில் நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அவற்றுள் ஒன்று, நீங்கள் எப்போதாவது ஏதேனும் குற்றம் செய்திருக்கிறீர்களா, அதற்காகப் பிடிபடாமல் இருந்தாலும் சரி என்று கேட்கிறது. மகள் எனக்கு அதைத் தமிழாக்கிச் சொன்னபோது, இப்படியும் ஒரு கேள்வி கேட்பார்களா என்று மெச்சி, இல்லை என்று குறிக்கச் சொல்லியிருந்தேன். இப்போது அதிகாரியின் முன் உட்கார்ந்து அதே சொல்லைச் சத்தியமாகச் சொல்ல வேண்டும். அட்டை மறுக்கப்பட்டால் நான் திரும்ப வேண்டியது, மனைவி இல்லாத, உள்ளே யாரும் இல்லாத அந்த வீட்டுக்கு. மகளோ ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் விருந்தாளியாகிவிடுவாள்.

கலைச்செல்வி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தன் தாயைப்போல் காரியக்காரி.

“ஏனுங்ப்பா, யாரும் பாக்கலைல்ல? குப்பையில போட்டுட்டா முடிஞ்சுது. அதுக்கு எதுக்குங் இத்தனை விசனம்?”

“நான் முப்பத்தஞ்சு வருசம் பண்ணுன வேலையில எதைச் சாமி யாரு எட்டிப் பாத்தாங்க?”

ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி இறங்கிற்று என்பதை ரிக்காரன் சொல்லித்தான் நிலத்துக்காரர் அறிவார். துளையின் வாய் ஒரு சாண் அகலம், உள்ளே இருட்டு. ஆழத்தைக் கூட்டிச் சொல்லும் வண்டிகள் எங்கள் பக்கத்திலேயே இருந்தன. பெயர் சொல்லத் தேவையில்லை. என் வண்டி வந்தால் மட்டும் இறங்கும் கம்பிகளை எண்ணி ஆழம் பார்க்க ஆள் நிறுத்தாமல், நிலத்துக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். படிப்பும் பதவியும் இல்லாத எனக்கு அது ஒன்றே மரியாதையாக இருந்தது. எவரும் பார்க்காத இடத்தில் அளவைத் திரித்துச் சொல்லாதவன் என்ற அந்த ஒரு பெயரை, எட்டாயிரம் கல் தாண்டி வந்து ஒரு மீனுக்காக இழப்பதா?

சனிக்கிழமை காலை, வீட்டில் இருவரும் விடுமுறைத் தூக்கத்தில் இருக்கையில், நான் வெந்நீரில் குளித்து, திருநீறு இட்டு, சலவைச் சட்டை அணிந்து, ஐஸ் பெட்டியை உருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டேன். வாரக்கடைசிக் காலைகளில் அங்கே வண்டிகள் நிற்கும் திடலில் மீன்வளக் காவல் அதிகாரி ஒருவர் வந்து, மீன்பிடித்துத் திரும்புகிறவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது வழக்கம். அன்று வந்திருந்தவர் நெடிய உருவமுடைய இளம் பெண். தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, கையில் தேநீர்க் குவளை. நான் அவர்முன் பெட்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, கைகூப்பினேன்.

வழிநெடுக ஒத்திகை பார்த்து வந்த ஆங்கிலம் அந்நேரத்தில் கைவிட்டது. “மேடம், ஸ்மால் ஃபிஷ். பிளீஸ் டேக்” என்று மட்டுமே வந்தது. அவர் ஓர் அடி பின்வாங்கினார். உள்ளங்கையை உயர்த்திக் காட்டி, “நோ, சார். ஐ கேனாட் டேக் திஸ்” என்றார். எனக்குப் புரியவில்லை. குற்றத்துக்கு உரிய பொருளை அதிகாரி கைப்பற்ற வேண்டாமா? நான் இன்னும் பணிவாக, மீனை இரு கைகளாலும் எடுத்து நீட்டினேன். அவர் முகம் இறுகியது. சுற்றும்முற்றும் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்கு எங்கோ பழக்கமானதாக இருந்தது. மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில் எங்கள் வண்டி நின்ற காலம் நினைவில் எழுந்தது. வண்டியிலிருந்து ஒரு தார் பழமோ ஒரு கட்டுத் தேங்காயோ இறங்காமல் தடுப்புக்கட்டை உயராத சாவடிகள் உண்டு. அவற்றை இறக்கிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. இதே பணிவோடு, இதே இரு கைகளால் கொடுத்திருக்கிறேன். என்றோ ஒருநாள் பெட்டியில் ஏதேனும் பிழை நேர்ந்தால் கண்டுகொள்ளாமல் இருக்கும்பொருட்டு இந்தக் கிழவன் இன்றே மீன் கொடுத்து வைக்கிறான் என்று அந்தப் பெண் எண்ணிவிட்டார் என்பது உறைத்ததும், மீனை அவசரமாகப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வந்து, அதைவிடப் பெரிய பிழையில் நின்றுகொண்டிருந்தேன். மறுத்துச் சொல்ல என்னிடம் இருந்த சொற்கள் ரிக் வண்டியில் கற்ற பிட், ஹேமர், பிரஷர், கேசிங், லோடு. அவற்றுள் ஒன்றும் உதவவில்லை.

அப்போது மாப்பிள்ளையின் கார் திடலுக்குள் திரும்பியது. எழுந்ததும் பெட்டியைக் காணாமல், நான் போயிருக்கும் இடத்தை அவரே ஊகித்துவிட்டார். இரவு உடையோடு, தலைகூட வாராமல் இறங்கி ஓடிவந்து, அதிகாரியிடம் மூச்சுவிடாமல் பேசினார். என்ன பேசினார் என்பதை அப்புறம் கேட்டு அறிந்தேன். இவர் என் மாமனார், லஞ்சம் தரவில்லை, சிறிய மீனை அறியாமல் கொண்டுவந்துவிட்டார், அதை ஒப்படைத்துத் தண்டனை பெற வந்திருக்கிறார், அடுத்த வாரம் இவருக்கு நேர்காணல், குற்றம் செய்ததுண்டா என்று கேட்டால் உண்டு என்று சொல்லியே தீருவார், இவரைத் தடுக்க எங்களால் முடியாது. அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோது அதிகாரியின் முகம் இளகியது. தேநீரைக் காரின்மேல் வைத்துவிட்டுத் தம் அளவுப் பலகையை எடுத்து வந்தார்.

மீனின் மூக்கைத் தடுப்பில் சேர்த்துக் கிடத்தினார். பிறகு வாலின் இரு கிளைகளையும் விரல்களால் ஒன்றாகக் கூட்டிப் பிடித்து, அதன் நுனி தொட்ட கோட்டை மாப்பிள்ளைக்குக் காட்டினார். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார்.

“என்னங்க மாப்ளை?” என்றேன்.

“இருவத்தெட்டரைங்க மாமா.” அவர் குரல் அடங்கியிருந்தது. “தப்பு என்னோடதுங்க. முந்தானைக் குஞ்சத்தச் சேத்து யாருங்க சேலைய அளப்பாங்க? அந்தப் பழக்கத்துல சதை முடியற எடத்தோட நிறுத்திப்புட்டேன். வாலைப் பூரா உட்டுட்டேனுங்க.”

தறி வைத்த வீட்டுப் பிள்ளை. நெய்த பகுதி முடியுமிடத்தில் அளவு முடியும். அப்பால் தொங்குவது நூல். சிறு வயதில் அவர் தந்தையின் முன் ஆயிரம் சேலைகளை மடித்து அளந்த கை அது. அந்தக் கைக்கு மீன்வால் குஞ்சமாகத் தோன்றியதில் வியப்பில்லை. டேப்பில் பிழையில்லை. என் சாணிலும் பிழையில்லை. இந்நாட்டு விதி மூக்கிலிருந்து கூட்டிப் பிடித்த வால்நுனிவரை என்று எழுதி வைத்திருக்கிறது. அணைக்கட்டுக் கரையில் நாங்கள் மீனை அளந்ததும் அப்படித்தான்.

ஐஸ் பெட்டியின் மூடியின்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கடலிலிருந்து வந்த காற்று அன்று அத்தனை குளிராக இருந்தும் நெஞ்சுக்குள் இதமாக இறங்கிற்று. சென்ற ஓர் இரவு முழுவதும் நான் சரியாக மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி என்னிடம் எப்படி அளந்தீர்கள் என்று கேட்டதாக மாப்பிள்ளை சொன்னார். நான் எழுந்து, மீன்மேல் சாண் போட்டுக் காட்டினேன். அதிகாரி தம் நீண்ட கையுறையைக் கழற்றித் தாமும் போட்டுப் பார்த்தார். அவர் கைக்கு மூன்று சாண் போட்டதுமே வால் ஏறக்குறைய முடிந்துபோயிற்று. சிரித்துக்கொண்டே எங்களுக்கு நல்வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். மீனை எடுத்துக்கொண்டு போங்கள், வெயில் ஏறுவதற்குள் பனிக்கட்டி மாற்றுங்கள் என்றாராம்.

திரும்பும் வழியில் காரில் நான், அவர் தந்தையின் தறியில் என்னென்ன ரகம் ஓடிற்று என்று கேட்டேன். ஏழாண்டுகளில் அதை நான் கேட்டது அதுவே முதல்முறை. வீடு வரும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் நின்ற கலைச்செல்வி எங்களைப் பார்த்து, ஜெயிலுக்குப் போனவங்க சோடியாத் திரும்பி வர்றாங்க என்றாள். அவள் கண் மட்டும் சிவந்திருந்தது. அன்று ஐப்பசி முதல் நாள். இந்நாட்டுத் தேங்காய்க்கு நம் தேங்காயின் பால் இல்லை, புளியும் அப்படியே. ஆயினும் மாப்பிள்ளை மூன்றாம் முறையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டபோது, வால்துண்டு தமக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை நேர்காணலுக்கு மூவரும் போனோம். அதிகாரி வழுக்கைத் தலையும் தாழ்ந்த குரலும் உடையவர். அந்தக் கேள்வி பட்டியலில் எங்கே வருகிறது என்பது எனக்கு மனப்பாடம். மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்முன்பே நான் இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல், காட்டில் நிலத்துக்காரரிடம் அடி சொல்லும் பழைய குரலாக இருந்ததை நானே கேட்டேன். அவர் குறித்துக்கொண்டார். இன்னும் சில கேள்விகள். பிறகு கோப்பை மூடி, எல்லாம் சரி, அட்டை அஞ்சலில் வரும் என்றார். அருகிலிருந்த மகள் மேசைக்கடியில் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஒரே ஒரு வேலை எஞ்சியிருந்தது. ஒளிரும் சிறு கண்ணாடித் தட்டின்மேல் வலது ஆட்காட்டி விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். நடுவிரலையும் பெருவிரலையும் வைத்துப் பார்த்தார். திரையில் வழவழப்பான வெண்திட்டுகளே தோன்றின. அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, என்ன தொழில் என்று கேட்டார். கிணறு என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பாறைத்தூளும் கம்பியும் தேய்த்த விரல்கள். அவற்றின் ரேகைகள் எங்கே என்றால் நான் இடம் காட்ட முடியும்: பரமத்தியில், வாழப்பாடியில், எடப்பாடிப் பக்கத்துக் காடுகளில், தண்ணீர் கண்ட துளைகளிலும் காணாத துளைகளிலும், இரும்போடு இரும்பாக நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இறங்கிப் போயிருக்கின்றன. எந்த அரசும் அவற்றை இனி எடுத்து அளக்க முடியாது. கடைசியில் அதிகாரி, என் வேலை ஒருநாளும் தொடாத இடதுகைச் சுண்டுவிரலைத் தாமே பிடித்துக் கண்ணாடிமேல் வைத்தார். திரையில் மெல்லிய வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, புதிதாகப் பிறந்தவன் விரலைப்போலத் தெளிவாக விரிந்தன. இது போதும் என்றார் அவர்.